எட்டுப் பேருக்கான கூடாரம்

சந்தேகப்படுவதில் என்னை வெல்ல முள்ளியவளையில் ஆள் இருக்கவில்லை. கோயிலில் ஐயர் எனக்குத் தரும் மோதகம் மற்றப் பிள்ளைகளுடையதைவிடச் சிறியது என்று கண்டுபிடித்து, மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அடிமட்டத்தால் அளந்து பார்த்தவள் நான். எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது கனடாவிலிருந்து பெரியமாமா வந்து இறங்கினார். அதோடு என் சந்தேகத்துக்கு முழுநேர வேலை கிடைத்தது.

மாமாவோடு மாமியும் இரண்டு பிள்ளைகளும் ஐந்து பெட்டிகளும் வந்திருந்தன. நான்கு பெட்டிகளை முதல்நாளே திறந்து சாமான்களைப் பங்கிட்டார்கள். ஐந்தாவது கட்டிலுக்குக் கீழே பூட்டியபடி கிடந்தது. நல்ல சொக்லேட் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, வேறு யாருக்கோ கொடுக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமா கூடாரம் வாங்க வேண்டும் என்றார்.

"பிள்ளையள் அங்கை ஒவ்வொரு கோடைக்கும் ரென்ட் அடிச்சுப் படுக்கிறவை. இங்கையும் எல்லாரும் ஒண்டாப் படுப்பம்."

அப்பா அவரைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வருடக்கணக்காக முகாம்களில் தறப்பாள் கூரைக்குக் கீழே கிடந்து, அலைந்து திரிந்து ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். அந்த வீட்டை விட்டு வெளியே படுப்பதற்குக் காசு கொடுத்துத் துணி வாங்குவதா? மாமா முதலில் முல்லைத்தீவுக் கடற்கரையைத்தான் சொன்னார். "அங்கை அடிச்சா என்ன ஏது எண்டு கேக்க ஆமிக்காரர் வருவினம். எங்கடை வளவுக்கை அடியுங்கோ" என்று அப்பா ஒரே பிடியில் நின்றார். ஆகவே வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி ஒரு சுற்றுலா முடிவாயிற்று. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

அடுத்தநாள் வாடகை வான் பிடித்து எல்லோரும் வவுனியாவுக்குப் போனோம். கடைக்காரர் முதலில் ஒரு வெள்ளைக் கூடாரத்தை விரிக்கத் தொடங்கினார். பாதி விரியுமுன்பே, "வெள்ளை வேண்டாம்" என்றார் அம்மா. பிறகு ஒரு நீலக் கூடாரமும் பச்சைக் கூடாரமும் வந்தன. நீலம் எட்டுப் பேருக்கு. பச்சை பத்துப் பேருக்கு, இரண்டு வாசல் வைத்தது.

அதுவரை அதிகம் வாய் திறக்காத அம்மா கேள்வி கேட்கத் தொடங்கினார். நிலத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்ததா, தனியா? வாசல் சிப்பை உள்ளே இருந்தும் திறக்கலாமா? உச்சி வெயிலுக்குக் காற்று எந்தப் பக்கத்தால் போகும்? ஒரு பொம்பிளை நிமிர்ந்து நின்று உடுப்பு மாற்றலாமா? தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தார். ஆணியைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார். சேலை வாங்கும்போதுகூட அம்மா இப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா, உங்களுக்கு இதுகளிலை நல்ல பழக்கம் போல" என்று கடைக்காரர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாமா திரும்பி விளையாட்டுப் பந்துகளைப் பார்க்கத் தொடங்கினார். பந்தில் என்ன இருக்கிறது இவ்வளவு நேரம் பார்க்க? அதையும் குறித்துக்கொண்டேன்.

"எத்தினை பேர் படுப்பியள்?" என்றார் கடைக்காரர்.

"ஒன்பது பேர்" என்றார் அம்மா. "பச்சையை எடுப்பம்."

நான் விரல்விட்டு எண்ணினேன். நாங்கள் நாலு, மாமா வீட்டார் நாலு. கணக்கில் எனக்கு எப்போதும் முழுப் புள்ளி. பூட்டிய பெட்டி, பேசாத அம்மா, இப்போது ஒரு ஒன்பதாவது ஆள். எங்களுக்குச் சொல்லாமல் யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள்!

"எட்டுப் பேர்தான் அம்மா! ஒன்பதில்லை, எட்டு!" கடை முழுவதும் கேட்கும்படி சொன்னேன். ஒவ்வொருவரையும் தொட்டு எண்ணியும் காட்டினேன். தம்பியை இரண்டு தரம் தொட்டேன், அவன் ஓடித் திரிந்ததால்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. அடிக்கப்போகிற பார்வையும் இல்லை. "ஓம், எட்டுத்தான்" என்று மெல்லச் சொன்னார். மாமா ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையால் மறித்தார். நீலக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தோம். வானில் வரும்போது எனக்கு வெற்றிப் பெருமிதம் தாங்கவில்லை.

மறுநாள் காலை மாமா படம் போட்ட தாளை விரித்துவைத்து, எந்தத் தடி எந்த ஓட்டைக்குள் என்று மாமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அப்பாவும் தாளைப் பார்க்கவேயில்லை. ஒருவர் தடியைத் தூக்க மற்றவர் ஆணி அடிக்க, பேச்சில்லாமல் கூடாரம் எழும்பிவிட்டது. கனடாப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பத்து நிமிடம் போயிருக்காது, முன்வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் வாசல் படலையடியில் ஐந்தாறு பேர். இரண்டு பேருடைய கையில் அடையாள அட்டைப் பிரதி இருந்தது.

"ஆர் குடுக்கிறது? பதிவு எங்கை நடக்குது?" என்றார் அன்ரி.

"ஒருத்தரும் குடுக்கேல்லை. மச்சான் வாங்கினது, பிள்ளையள் விளையாட" என்றார் அப்பா.

"விளையாடவோ!" அன்ரி கூடாரத்தைச் சுற்றி வந்து துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல சாமான். உங்களுக்கு மட்டும் குடுத்தவையாக்கும். எங்கடை பேரையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்."

அப்பா கோயில் திசையைக் காட்டிச் சத்தியம் செய்தார். ஒருவரும் நம்பவில்லை. நிவாரணம் ஏதும் ஒளித்து வருகிறதா என்று கேட்க மத்தியானம் கிராம அலுவலரான விதானையாரே சைக்கிளில் வந்தார். ஊரில் என்னைப் போலவே இத்தனை பேர் இருந்தது எனக்கு ஆறுதலாயிருந்தது.

பின்னேரம் அம்மா மண்வெட்டியை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. நான் வாழைக்குப் பின்னால் பதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கிட்டப் போய் நின்றார்.

"கடையிலை ஒன்பதெண்டனி. சின்னவனையும் சேர்த்தோ?"

சின்னவன் என்றால் சின்னமாமா, அம்மாவின் தம்பி. சண்டையின் கடைசி நாட்களில் சனத்துக்குள் அம்மாவின் கையிலிருந்து விடுபட்டுப் போனவர். எனக்கு அப்போது இரண்டு வயது. அலுமாரிக்குள் இருந்த ஒரு சின்னப் படத்தில்தான் அவரைத் தெரியும். அதற்கு மாலை போட்டதில்லை. கேட்டால் அம்மா "வருவான்" என்பார்.

அம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை. "காம்பிலை அந்த வெள்ளை ரென்ட் குடுக்கேக்கை எத்தினை பேர் எண்டு கேட்டவங்கள் அண்ணா. நான் நிண்ட ஆக்களைப் பாத்து மூண்டு எண்டு சொல்லிப்போட்டன். எனக்குப் பின்னாலை நிண்ட மனுசி வந்து சேராத மகனையும் சேர்த்துத்தான் பதிஞ்சவா. எனக்கு அது தோணேல்லை. என்ரை வாயாலை நான்தான் அவனை விட்டிட்டன்."

"அதாலை ஒண்டும் வந்திருக்காது பிள்ளை."

"தேடி வந்திருந்தா, அந்தப் பதிவுத் துண்டிலை அவன்ரை பேர் இல்லை."

அம்மா அழவில்லை. மண்வெட்டிதான் சற்று ஆழமாக இறங்கியது.

எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. ஒன்பதாவது ஆள் சின்னமாமா! அவர் இரகசியமாக வருகிறார், பூட்டிய பெட்டி அவருக்குத்தான். பொழுது படும்வரை படலையடியில் காவல் நின்றேன். ஒரு பால்காரரும் இரண்டு மாடுகளும்தான் வந்தன. அந்தப் பெட்டியை மாமி பிறகு திறந்தபோது உள்ளே சப்பாத்துகள்தான் இருந்தன.

இருட்டியதும் எங்கிருந்தோ மழை வந்து கொட்டியது. அம்மா வெட்டிய வாய்க்காலால் தண்ணீர் ஓடிப்போனது. கூடாரத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

மழை விட்டதும் இடியப்பம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பாய் விரித்துப் படுத்தோம். நெருக்கம்தான். நான் வழக்கம்போல எண்ணினேன். என்னோடு ஏழு தலைகள். எனக்குப் பக்கத்தில் எட்டாவது பாய், அதில் தலையணை ஒன்று. போர்வையும் மடித்து வைத்திருந்தது. அம்மா வெளியே வாசலோடு கதிரையைப் போட்டு இருந்தார்.

"அம்மா, உள்ளை வாங்கோ, இடமிருக்கு."

"இருக்கட்டும். நீ படு."

எட்டுப் பேருக்கு இது போதும் என்ற என் கணக்கு சரியாகி, மேலதிகமாக ஒரு பாயும் மிஞ்சிவிட்டது. வென்றவளுக்கு உரிய சுகத்தோடு காலை அந்தப் பாயின் மேல் நீட்டினேன். அம்மா கதிரையிலிருந்து குனிந்து கையை உள்ளே விட்டு, என் காலைத் தூக்கி என் பாயிலேயே திருப்பி வைத்தார். கடையில் தோற்ற கோபம் அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன்.