வீட்டில் போகிற தண்ணீர்

சகோதரங்களே, நான் சாட்சி சொல்லும்போது நடுவில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அடக்கி அடக்கித்தான் எனக்கு இந்த வருத்தமே வந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் காய்ச்சலில் விழுந்தேன். இடுப்புக்கு மேலே முதுகின் இரண்டு பக்கமும் உளைவு. சலம், அதுதான் சிறுநீர், போனால் எரிவு. அப்போது ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சின்யோராவின், வீட்டில் காலையிலிருந்து மாலைவரை வேலை செய்தேன். நல்ல மனுசி. ஆனாலும் அவருடைய கழிவறைக்குள் போக எனக்குக் கூச்சம். அவர் வெளியே போய்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால்தான் ஓடுவேன். அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை.

எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி கூட்டுகிற தும்புத்தடிக்கும் உடுப்பு அழுத்துகிற இஸ்திரிக்கைக்கும்தான் போதும். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க அவருடைய அண்ணன், பெனடிக்ற் அத்தான் வந்தார். டொக்டர் குளிசை தந்தார், காய்ச்சல் இறங்கியது. பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை நீட்டி நீளமாக ஏதோ விளக்கம் சொன்னார். அத்தான் நிலத்தைப் பார்த்தபடி எனக்குச் சொன்னார்.

"பிள்ளை, நாளைக்கு முழுக்க வீட்டிலை போற தண்ணியை இதுக்குள்ளை பிடிக்கட்டாம்."

குழாய்த் தண்ணீரா என்று ஒரு கணம் குழம்பினேன். அவர் தலையை நிமிர்த்தாததைப் பார்த்துத்தான் விளங்கியது. மறுபடி கேட்பேனா? சீ! சொன்னபடியே வீட்டில் போனதையெல்லாம் பிடித்துக் கொடுத்தேன்.

சோதனை முடிவு வந்தபோது டொக்டரே குழம்பிப்போனார். இரத்தம் அவ்வளவு மோசமில்லையாம். ஆனால் இந்தப் போத்தலைப் பார்த்தால் சிறுநீரகம் பாதி வேலைகூடச் செய்யவில்லையாம். தாளில் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு கீறினார். இரத்தம் அதற்குள் வந்து வடிபடுகிறது. உடம்புக்குத் தேவையானது திரும்பப் போகிறது. கழிவு மட்டும் துளித்துளியாக இரண்டு குழாய்களால் இறங்கிக் கீழே ஒரு பையில் சேர்கிறது. இது நாள் முழுக்க, நாங்கள் நினைக்காமலே நடக்கிறது. பையை அடிக்கடி வெறுமையாக்காவிட்டால் கிருமி பிடிக்கும். இவ்வளவும் அத்தான் சொன்னார், "தண்ணி", "தண்ணி" என்றே சொன்னார். கடைசியில் டொக்டர் சொன்ன "தியாலிசி" என்ற சொல் மட்டும் மொழிபெயர்க்காமலே விளங்கியது. இன்னும் குறைந்தால் கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் படுக்க வேண்டும்.

செத்தேன் என்று நினைத்தேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவேன் என்று நேர்ந்தேன். ஒரேத்தோ தெருவில் எங்கள் அறையில் ஒன்பது நாள் செபமாலை வைத்தோம். "ஆண்டவரே, எங்கே பிழை என்று காட்டும்" என்பதுதான் என் ஒரே மன்றாட்டு. எட்டு நாள் ஒன்றும் காட்டவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒன்பதாம் நாள் மேல்மாடி றோசாக்கா மன்றாடினார். அவருக்குக் கூச்சம் என்பதே கிடையாது.

"ஆண்டவரே, இவளின்ரை சலம் தங்குதடை இல்லாமல் போகச் செய்யும்!"

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் வாய் என்னைக் கேளாமல் திறந்தது.

"அக்கா, சலம் போகுதுதானே! போத்தலிலை பிடிச்ச அண்டைக்கும் சின்யோரா வீட்டிலை மூண்டு தரம் போனனான்."

"அப்ப அதைப் போத்தலிலை பிடிச்சனியோ?"

"இல்லை. வீட்டிலை போறதைத்தானே பிடிக்கச் சொன்னது!"

செபம் நின்றுவிட்டது. மூலையில் இருந்த அத்தான் செபமாலையோடு எழுந்தார்.

"ஐயோ பிள்ளை, எங்கை போனாலும் பிடிக்கவேணும். டொக்டர் வீடு எண்டு சொல்லேல்லை. நான்தான்... அந்தச் சொல்லைச் சொல்ல வெக்கத்திலை எதையோ சொல்லிப்போட்டன்."

மறுபடி போத்தல் எடுத்தேன். இந்த முறை அதைப் பையில் வைத்து, மேலே கீரைக்கட்டு போட்டு, பஸ்ஸில் வேலைக்குக் கொண்டு போனேன். சின்யோராவிடம் கைப்பாஷையில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போத்தலைத் தானே வாங்கித் தன் குளிர்பெட்டியில் வைத்தார். முடிவு வந்தது. இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கின்றன! கிருமிதான் இருந்தது, அதுவும் குளிசையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதேன். மலையும் ஏறினேன்.

றோசாக்கா இதைப் புதுமை, ஆண்டவரின் அற்புதம் என்கிறார். என் கணவர் மொழிபெயர்ப்புப் பிழை என்கிறார். ஆண்டவர் என்னைச் சுகமாக்கினாரா, சுகமாக இருந்ததைக் காட்டித் தந்தாரா? எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். ஆனால் பிழை எங்கே என்று கேட்டேன், காட்டினார். அது எனக்குப் போதும். இப்போது தண்ணீர் குடிக்கிறேன், வந்தால் போகிறேன். நீங்களும் அவரிடம் கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் படைத்த உடம்புதானே, அவருக்கு என்ன வெட்கம்?

போன ஞாயிறு பூசை முடிந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தின் பஸ் நிறுத்தத்தில் எங்கள் சனம் நிறைந்து நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து அத்தான் கையைத் தூக்கிக் கத்தினார்.

"பிள்ளை, சலம் நல்லாப் போகுதோ?"

"ஓம் அத்தான், நல்லாப் போகுது. ஆண்டவருக்குத் தோத்திரம்!"