பாட்டிலில் வளர்ந்த கல்

மராத்தி பேசும் ஊரான கட்கியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு ஆணி வெளியே போவதென்றாலும் மூன்று பிரதியில் கேட் பாஸ் வேண்டும். மூன்றிலும் என் கையெழுத்து வேண்டும். அப்படிப்பட்டவனுடைய இடது சிறுநீரகம், நான் ஓய்வுபெற்ற நான்காம் வருடம், எந்த கேட் பாஸும் இல்லாமல் ஊறுகாய் டப்பா மாதிரி ஒன்றில் மருந்துத் தண்ணீரில் மிதந்தபடி, என் மகனின் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டப்பாவில் லேபிள் ஒட்டியிருந்ததா என்று மயக்கம் தெளிந்ததும் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்டிருப்பேன்.

ஆரம்பம் பீட்ரூட்டிலிருந்து. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. என் மனைவியிடம் சொன்னேன்.

"நேத்து பீட்ரூட் பொரியல் தின்னீங்கள்லா? அப்படித்தான் போகும். எங்க பெரியம்மா வீட்டுல எல்லாருக்கும் போகும்."

பீட்ரூட்டை நிறுத்தினோம். நிறம் நிற்கவில்லை. பிறகு கேரட்டை நிறுத்தினோம். இரண்டு வாரம் காய்கறிக் கூடையை விசாரித்து முடித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். வயிற்றில் பசை தடவிப் பார்த்தார்கள்; பிறகு ஸ்கேன் குகைக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். அதன் பின் என் மகன் டாக்டருடன் தனியாகப் பேசிவிட்டு வெளியே வந்தான். ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் வேலை அவனுக்கு. தமிழை இந்தி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவான்.

"அப்பா, கல்லு இருக்கு. படா. மத்லப், பெரிய கல்லு. ஆப்பரேஷன் பண்ணி எடுத்துடலாம். டென்ஷன் லேனேகா நஹீ, கவலையே படக்கூடாது."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சரக்கில் குறை உள்ள காண்ட்ராக்டர்கள் இப்படித்தான் என் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் சம்மதப் படிவத்தை எடுத்து வந்தான். இரண்டாக மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி நீட்டினான். மடித்த காகிதத்தில் என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கியதில்லை. ஆஸ்பத்திரி அங்கியில் பை கிடையாது. அதனால் என்னிடம் பேனா இல்லை. அவன் நர்ஸிடம் பேனா வாங்கப் போன அரை நிமிடத்தில் பிரித்துப் படித்தேன். இடது சிறுநீரகத்தை முழுதாக அகற்றுதல் என்றும், காரணம் என்ற இடத்தில் கான்சர் என்றும் டாக்டர் தெளிவான எழுத்தில் எழுதியிருந்தார். டாக்டர் எழுத்து எனக்குப் புரிந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். அவன் பேனாவோடு வந்ததும் போட்டுக் கொடுத்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், என் மனைவி ஜன்னல் ஓரம் நின்று பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கல்லுதான். ஒண்ணும் பயமில்லன்னு சொல்லிட்டாங்க." அவளுக்கு ரத்த அழுத்தம். அவள் பிறந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. "அந்த வியாதி" என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. மகன் எங்கள் இருவரிடமும் மறைக்கிறான் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். அது சுத்தமாக வரும்வரை அவளுக்குத் தெரியக்கூடாது. சுத்தமாக வராவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இதுதான் என் திட்டம். மூன்று மாதம் கல் என்றே நம்புவதுபோல் நடிப்பது என்று முடிவு செய்தேன்.

அறுவையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் அங்கே இல்லை. விழித்தபோது இடுப்பின் இடப்பக்கம் பின்முதுகிலிருந்து தொப்புள் அருகே வரை ஒரு தையல். உடம்பில் இயற்கையாக இருக்கும் வாசல்கள் போதாதென்று கூடுதலாக இரண்டு குழாய்கள். சிரித்தால் உயிர் போகும், தும்மினால் போன உயிர் திரும்பி வந்து மறுபடி போகும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு இரும வேண்டும் என்று நர்ஸ் கற்றுக் கொடுத்தாள். பிறகு மூன்று நீலப் பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து, மூச்சை உறிஞ்சி மூன்றையும் மேலே ஏற்றச் சொன்னாள். முதல் நாள் ஒரு பந்து கொஞ்சம் யோசித்தது. மற்ற இரண்டும் என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

அதைவிடப் பெரிய தேர்வு ஒன்று இருந்தது. வாயு பிரிந்தால்தான் சோறு. காலையில் டாக்டர், மத்தியானம் சின்ன டாக்டர், சாயங்காலம் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் அதையே கேட்டார்கள். மூன்றாம் நாள் அது நிகழ்ந்தபோது என் மனைவி வராந்தா வரை ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் கைகொடுத்தாள். என் பதவி உயர்வுக்குக்கூட இவ்வளவு பேர் சந்தோஷப்பட்டதில்லை.

பத்தாம் நாள் தாபோடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் கல்லுக்கு ஆபத்து வந்தது.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு மராத்திக்காரர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மூன்று முறை சிறுநீரகக் கல் வந்து, மூன்றும் தானாகவே வெளியேறியிருந்தன. மூன்றையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஷோகேஸில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேநீருக்கு முன் அந்தப் பாட்டில்தான் வரும். அவர் தினமும் மாலை மேலே வந்து, என் மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார்.

"வஹினி, ஸ்டோன் தாகவா நா!" அண்ணி, கல்லைக் காட்டுங்களேன் என்று.

மகன் முன்கூட்டியே ஒரு பதில் தயாரித்திருந்தான்: கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள், திருப்பித் தரமாட்டார்கள். அதைத்தான் அவளும் சொன்னாள். தபால்காரருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அது நோயாளியின் சொத்து, அவர்கள் யார் வைத்துக்கொள்ள? தானே மனு எழுதித் தருவதாகவும், அந்த ஆஸ்பத்திரியில் தன் மைத்துனருக்கு ஆள் தெரியும் என்றும், நாளைக்கே நேரில் போய் வாங்கி வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை அவர் வந்தபோது என் மனைவி உள்ளே போய், ஹோமியோபதி உருண்டை வரும் சின்னப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "கிடைச்சிருச்சு" என்றாள். உள்ளே ஒரு கல்.

நான் எட்டிப் பார்த்தேன். பரிசோதனை என் தொழில். அது துவரம்பருப்பில் வரும் கல். மாதாமாதம் அவள் முறத்தில் பொறுக்கிப் போடுகிற ரகம். அதே செம்மண் நிறம், அதே வடிவம்.

தபால்காரர் பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முகம் தொங்கிவிட்டது.

"பஸ்? இத்னா சா?" இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, என் பனியனைத் தூக்கித் தையலைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார். இதைவிடப் பெரியதை, வெறும் பார்லித் தண்ணீர் குடித்து, தான் தகரக் குவளையில் டங் என்று விழவைத்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் நம்மை ஏமாற்றிவிட்டான், புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்றார்.

என் மனைவி ஒரு கணம்தான் யோசித்தாள். அவளுடைய இந்தி காய்கறிக்காரனோடு சண்டை போட மட்டும் கற்றது.

"ஏ சோட்டாவாலா. படாவாலா அந்தர் ஹை. கல் தேக்கோ." இது சின்னது, பெரியது உள்ளே இருக்கிறது, நாளைக்குப் பார்.

மறுநாள் அதே பாட்டிலில் கல் வளர்ந்திருந்தது. கருநீலம், நான்கு பக்கமும் உடைந்த முனைகள். எங்கள் சந்தில் ரோடு போடுவதற்காக ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஓர் ஓரத்தில் தார்கூட ஒட்டியிருந்தது. தபால்காரர் நீண்ட நேரம் உருட்டிப் பார்த்தார். அந்தக் கறுப்பு, நான் தேநீர் அதிகம் குடிப்பதால் படிந்தது என்று தீர்ப்பு சொன்னார். திருப்தியோடு இறங்கிப் போனார். சிரிக்கக்கூடாது என்று தலையணையைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு, தையலுக்குத்தான் தெரியும்.

அவர் போன பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. பாட்டில் மேசைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலவசக் கொத்தமல்லிக்காகத் தள்ளுவண்டியைக் கால்மணி நேரம் நிறுத்தி வைப்பவள் இவள். தன் கணவனின் வயிற்றிலிருந்து எடுத்த கல்லைத் தரமாட்டோம் என்று ஒரு ஆஸ்பத்திரி சொன்னால், விட்டுவிட்டு வருவாளா? கல் உண்டு என்று நம்பியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து வாங்கியிருப்பாள். அவள் கேட்கவே இல்லை. இல்லாத கல்லைத்தான் பருப்பிலும் ரோட்டிலும் தேடியிருக்கிறாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும்; மகன் அவளிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, எனக்காகத் தேடியிருக்கிறாள்.

அன்றிலிருந்து வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடும். வெளியே வரும்போது அவள் முகம் மட்டும்தான் ஈரமாக இருக்கும். நான் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஏனென்றால் காலை பத்து மணிக்கு அதே குழாயைத் திறந்து அதே வேலையை நானும் செய்துகொண்டிருந்தேன். அவளுடைய நேரம் சாயங்காலம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஒரு கட்டடத்தில் முறை வைத்து அழுதிருக்கிறோம்.

அப்போதும் பேச முடியவில்லை. தெரியும் என்று சொன்னால் அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்று தோன்றியது. நடை பழகினேன். முதல் வாரம் மாடிப்படி வரை. பிறகு கேட் வரை. அப்புறம் ரயில்வே கேட் வரை. அவள் இரண்டடி பின்னால் வருவாள். லோனாவ்லா லோக்கல் ரயில் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். உப்பு, ஊறுகாய், தண்ணீர் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினோம்.

மூன்று மாதம் முடிந்தது. ஸ்கேன் நாளில் மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என் கைக்கு வருவதற்குள் அவள் அதைப் பறித்துக்கொண்டாள்.

"நான் எழுதுதேன். நீங்க சும்மா உக்காருங்க."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு ரேஷன் கார்டு விண்ணப்பம்கூட எழுதாதவள். கைப்பையில் துழாவினாள். பேனா இல்லை. என் சட்டைப் பையில் இருந்தது; இந்த முறை நான் அங்கியில் இல்லை. படிவத்தை மெதுவாக வாங்கினேன். பெயர், வயது எழுதினேன். முன்பு செய்த அறுவை சிகிச்சை, காரணம் என்று ஒரு கட்டம். அதில் பெரிய எழுத்தில் கான்சர் என்று எழுதி, மடிக்காமல், அவளிடம் நீட்டினேன்.

"சரியா இருக்கான்னு பாரு."

அவள் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"எப்பத்துலருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கே."

"அப்போ அந்தக் கல்லு?"

"முதல் கல்லு துவரம்பருப்பு. ரெண்டாவது ரோட்டு ஜல்லி. தார் ஒட்டியிருந்துச்சு. நான்னா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்."

"பாவி மனுசா," என்றாள், கவுன்டர்காரப் பெண் நிமிர்ந்து பார்க்கிற சத்தத்தில். "ஆளில்லாத நேரம் பாத்து, ஜல்லிக் குவியல்ல உக்காந்து, வழவழன்னு ஒண்ணாவது கெடைக்காதான்னு அரைமணி நேரம் தேடுனேன். ரோடு போடுதவன் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முடிவை மறுநாள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மகன் தானே போய் வாங்குவதாகச் சொன்னான். முந்தைய ரிப்போர்ட்டெல்லாம் ரஞ்சன்காவில் அவன் ஆபீஸ் டிராயரில் பூட்டிக் கிடந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ரசீதை எடுத்துக்கொண்டு நாங்களே போனோம். உறையை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. ஆய்வு அறிக்கையை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியும். நடுவில் உள்ள வளவளப்பையெல்லாம் விட்டுக் கடைசிப் பத்திக்குப் போக வேண்டும். போனேன். இரண்டு முறை படித்தேன். நோய் திரும்பியதற்கான தடயம் எதுவும் இல்லை.

"பாஸ்," என்றேன்.

அவள் உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ் வந்தது, ஏறினோம், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். எங்கள் தாபோடிக்கு முந்தின நிறுத்தமான போபோடி தாண்டும்போது அழ ஆரம்பித்தாள். குழாய்ச் சத்தத்தின் மறைவு இல்லாமல், மூக்கைச் சிந்தி, முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, மூன்று மாத பாக்கியை அழுதாள். எனக்கும் கண் கலங்கித் தொலைத்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவர் பயந்துபோய், என்ன ஆயிற்று என்று மராத்தியில் கேட்டார்.

எதை என்று சொல்வது? "கிட்னி ஸ்டோன்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மாமனாருக்கும் இருந்ததாம். "நிகாலா க்யா?"

வெளியே வந்துவிட்டது என்றேன்.

"கித்னா படா?"

எவ்வளவு பெரிது என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினாள். ஒரு முழு எலுமிச்சம்பழம் தாராளமாக உள்ளே நிற்கும்.