அக்கா குளமாக்கிய வீடு

எங்கள் அக்கா ஒருமுறை நாங்கள் குடியிருந்த வீட்டையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் குளம் வைத்தாள். வைத்தது ரெஜிபோம் அட்டையில் செய்த மாதிரி நகரத்தில்தான். ஆனாலும் வீட்டில் நடந்த சண்டையைக் கேட்டவர்கள், வாசலில் புல்டோசர் வந்து நிற்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

அக்கா அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்கால நகரத்தை வடிவமைக்கும் பொறியியல் போட்டி ஒன்று பாடசாலைகளுக்கு இடையே வந்தது. மற்றப் பிள்ளைகள் செவ்வாய்க்கிரகத்திலும் கடலுக்கு அடியிலும் நகரம் கட்டப் போக, அக்காவின் குழு நாங்கள் இருந்த வெள்ளவத்தையைத் தேர்ந்தெடுத்தது. மழைக்காலம் முழுக்கக் கால்வாய்க்கரை லேன்களில் அலைந்து, சுவர்களில் வெள்ளம் ஏறிய கறையை அளந்துகொண்டு வருவாள். சப்பாத்துக்குள் சேறு, முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவளைப்போல் ஆகவேண்டும் என்று நானும் அடிமட்டத்தோடு குளியலறைச் சுவரை அளந்து திரிந்தேன்.

சாப்பாட்டு மேசையில் நகரம் வளர்ந்தது. நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். கடலோர ரயில் பாதை, தண்ணீரை உறிஞ்சும் ஸ்பொன்ஞ் தரை, குட்டிக் குட்டி மரங்கள் எல்லாம் இருந்தன. எங்கள் தொடர்மாடியைத் தேடினேன். அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு குளம் கிடந்தது. சுற்றுவட்டாரத்துத் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் பள்ளம் அதுதானாம். அங்கே இருந்தவர்களுக்கு மேட்டில் புதுக் கட்டடம், அதே அயலவர்களோடு.

அப்பா அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் விடாதவர்.

"ஒரு வீட்டை வைச்சா உன்ர நகரம் என்ன குறைஞ்சா போகும்?"

"வெள்ளத்துக்கு எங்கட வீடெண்டு தெரியுமே, அப்பா?"

"வீட்டை இடிக்கவோ உன்னைப் படிப்பிச்சது?" என்று குசினிக்குள் இருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

போட்டிக்கு வரமாட்டேன் என்று அப்பா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் பரிசும் வேண்டும், அப்பாவும் வேண்டும். அழுதாள். அழுதுகொண்டே குளத்துக்கு இன்னொரு பூச்சு நீலம் அடித்தாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

அம்மா என்ன சொன்னாரோ, போட்டியன்று அப்பா மண்டபத்தின் கடைசி வரிசையில் வந்து இருந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அக்கா பூவாளியை எடுத்து நகரத்தின் மேல் மழை பெய்யவிட்டாள். வீதிகளில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. எல்லாம் வடிந்து ஓடிக் குளத்தில் சேர்ந்தது. சபை கைதட்டியது. நடுவர்களில் ஓர் அம்மையார் மட்டும் குளத்தைக் காட்டி, இங்கே இப்போது குடியிருப்பவர்களிடம் கேட்டீர்களா என்றார்.

ஊரெல்லாம் அளந்த அக்கா பூவாளியைக் கீழே வைத்தாள். பிறகு, கேட்கவில்லை, அது எங்கள் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குழுவில் இருந்த மற்றப் பிள்ளைகள் தலையில் கைவைத்தார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்து, தமிழில் கேட்டாள்.

"அப்பா, எங்கட வீட்டைத் தருவீங்களே?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்து நின்றார்.

"ஓம் பிள்ளை, எடு" என்றார். பிறகு அமர்ந்து, லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார்.

முதல் பரிசு செவ்வாய்க்கிரகத்துக்குப் போனது, வெள்ளவத்தைக்கு இரண்டாமிடம். அப்பா பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், இது என்ர மகள் செய்த நகரம் என்று மூன்று பாஷையிலும் சொல்லிக்கொண்டு வந்தார். நானோ வீட்டுக்கு வந்ததும் பாவையையும் பாடப் புத்தகங்களையும் பையில் அடுக்கினேன். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டாரே, காலையில் எழும்பிப் போகவேண்டுமே!

வீடு போகிற கவலையில்தான் அப்பா அழுதார் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் அவர் கட்டிய வீட்டை ஆமிக்காரர் எடுத்தபோது ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.