தும்பிக்கை வைத்த ளை

இப்போதெல்லாம் பத்திரிகைகளில் ‘லை’, ‘ளை’ வந்தால் முன்னால் கொம்பு போட்டுவிடுகிறார்கள். படிக்கச் சுலபம் என்கிறார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட எனக்கு அந்த இடத்தில் கண் தட்டுகிறது. நான் படித்த நாளில் அந்த எழுத்துகளின் முன்புறம் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி மேலேறி வளைந்திருக்கும்.

என் அப்பா புதுச்சேரியில் கடைப் பலகை எழுதுகிறவர். அவர் எழுத்து அச்சைப் போல விறைப்பாக நிற்காது. தூரிகை போன போக்கில் பருத்து, உருண்டு, ஒன்றன்மேல் ஒன்று தோள் போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களை ‘வாங்க’ என்று கூப்பிடும். குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் பலகையைச் சாய்த்து அவர் எழுதும்போது தங்கை பக்கத்திலேயே குந்தியிருப்பாள். சின்னப் பெண், எழுத்துத் தெரியாது. வெற்றிலைக் கடைப் பலகையில் ‘லை’ வந்ததும் கத்துவாள்.

“அப்பா, ஆனைப்பா! தும்பிக்கைய இன்னும் தூக்கச் சொல்லு!”

“தூக்குனா வெத்தலையெல்லாம் தின்னுட்டுப் பூடும்டி” என்பார் அப்பா. சொல்லிக்கொண்டே இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுவார்.

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மழை விடுவதற்குள் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

சிலுவையில் அப்பாவே எழுதினார். தார் பூசிய கட்டையில் வெள்ளையாக அவள் பேர், அதன் கீழே ‘இங்கே இளைப்பாறுகிறாள்’. கோயில் உபதேசியார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்பா, கல்லறையில சோடா விக்கப் போறியா? எழுத்து பல்லக் காட்டுதே! வெள்ளைக்கார முசேங்க கல்லறையப் போய்ப் பாரு, எப்படி நிக்குதுன்னு. அழிச்சிட்டு ஒழுங்கா எழுதிக் கொண்டா. இத நட விடமாட்டேன்.”

அப்பா சிலுவையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சுரண்டினார். கோடு கிழித்து, ஒவ்வொரு எழுத்தையும் சிப்பாய் மாதிரி நிறுத்தினார். ‘ளை’யை மட்டும் தொடவில்லை. அது தும்பிக்கையை உயரத் தூக்கியபடியே இருந்தது.

உபதேசியாரின் விரல் நேராக அங்கேதான் போனது. “இது இன்னா?”

“அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் ஐயா. எனக்கு நேரா வரல.”

“கையி அப்படியே பழகிப் போச்சு, போ” என்று விட்டுவிட்டார். சிலுவையை நட்டார்கள். இத்தனை பேர் முன்னால் அப்பா எழுதத் தெரியாது என்று ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

அதன்பிறகு எந்தப் பலகையிலும் அப்பாவின் தும்பிக்கை மேலே எழவில்லை. அச்சில் இருப்பதுபோல அளவாக வளைந்து நின்றது. “ஆனை எங்கேப்பா?” என்று வெற்றிலைக் கடைக்காரர் கேட்டதற்கு, “மறந்து போச்சு” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: “அப்பாவுக்கு இப்ப நேரா வருதும்மா!”

மீனை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அதைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல சேதி சொன்னதற்கு ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. மீனைப் பூனை கொண்டுபோகாமல் காவல் காத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.