ஆரத்தியில் சிவப்பைக் காணோம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி சொல்வதற்குள் மீதி மறந்துவிடும். இத்தனை வாரம் பொறுத்துக்கொண்டவர்கள் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் பிரபுவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். பந்தி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் விழுப்புரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வேன் வாசலில் நிற்கும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் ஆரத்தி சுற்றி, பெண் நிவேதா வலது காலை உள்ளே வைத்தாக வேண்டும்.

ஆரத்தி கரைக்கிற வேலை எனக்கு. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் தட்டு பளிச்சென்று சிவந்தது. தட்டைச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். அதனால் மறுபக்கம் பிடிக்கப் பக்கத்து வீட்டுச் செல்வியைச் சேர்த்துக்கொண்டேன்.

தட்டைத் தூக்குகிற நேரம் அக்கா ஓடிவந்தாள்.

“இருடி! மண்டபத்துல எத்தினி கண்ணு பட்டுச்சோ... வெறும் ஆரத்தி பத்தாது!”

கையில் எலுமிச்சம்பழம். அறுத்து, முழுசாகத் தட்டிலேயே பிழிந்துவிட்டாள்!

அவ்வளவுதான். சிவப்பைக் காணோம். தட்டு முழுக்க மஞ்சள்!

“இன்னாடி பண்ண?” என்று அக்கா என்மேல் பாய்ந்தாள்.

“நான் இன்னாக்கா பண்ணேன்? புடிச்சிக்கினுதான இருக்கேன்...”

கூட்டத்தில் எங்கள் பெரியத்தை இருந்தார். வயது எண்பது, குரல் மட்டும் இருபது. “பொண்ணு வாசப்படியில நிக்கறப்பவே செவப்பு ஓடிப்போச்சே... நல்லதுக்கா இது?” என்றார்.

பெண்ணைப் பெற்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் லேசில் போகுமா? இனி அந்த வீட்டில் பால் திரிந்தால்கூட நிவேதா கால் வைத்த நேரம் என்பார்களே!

“குங்குமத்தக் கொட்டிக் கலக்குடி!” என்றாள் அக்கா.

“சாமிகிட்டயே டூப்பா?” என்றார் பெரியத்தை.

நிவேதா குனிந்த தலை நிமிராமல் பிரபுவின் காதில் ஏதோ சொன்னாள். கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்த பெண். பிரபு தொண்டையைச் செருமினான்.

“அம்மா, எலுமிச்சம்பழந்தான் காரணமாம். புளிப்பு சேந்தா மஞ்சளு பழையபடி மஞ்சளாயிடுமாம். இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு போடச் சொல்றா.”

சுண்ணாம்புக்கு எங்கே போவது? இருந்ததை நான் கரைத்தாயிற்று. மிச்சம் பெரியத்தையின் வெற்றிலைப் பெட்டியில்தான், அதுவும் காய்ந்து கட்டியாக. மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தார். போட்டேன். புஸ்ஸென்று நுரை கிளம்பியது.

“ஐயோ... கொதிக்குதுடி!” என்று செல்வி தட்டையே விடப் பார்த்தாள்.

நுரைதான் வந்தது. நிறம் வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார். “பத்து நிமிஷந்தான் இருக்குது. அப்பறம் ஆறு மணி வரைக்கும் பொண்ணு தெருவுலதான்.”

நிவேதா நிமிர்ந்தாள். “அத்தை, கட்டியா கெடந்தா மேல்பக்கம் மட்டுந்தான் வேலை செய்யும், லேட்டாவும். நசுக்கிக் கலக்குங்க... ஜல்தி!”

வீட்டுக்குள் கால் வைக்காத மருமகள் மாமியாரை வேலை வாங்குகிறாள்! அக்கா கையை விட்டு நசுக்கினாள், கலக்கினாள். ஓரத்தில் லேசாக... அப்புறம் நடுவில்... தட்டு மறுபடி சிவந்தது! சுற்றினோம். வலது கால் உள்ளே போனது.

அப்புறம் நிவேதா எனக்கு விளக்கினாள். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் எவ்வளவு அதிகமாகப் படுகிறதோ, அவ்வளவு வேகமாக மாறுமாம். அதற்குத்தான் நசுக்குவதும் கலக்குவதும். சரிதான். ஆனால் ஊர்ப்பேச்சுக்கு மட்டும் நசுக்கவும் வேண்டாம், கலக்கவும் வேண்டாம் — என்ன வேகம் பிடிக்கிறது!

இல்லாவிட்டால், விளக்கு வைப்பதற்குள் பெரியத்தை தெருவுக்கே இப்படிச் சொல்லி முடித்திருப்பாரா?

“எங்க மருமவ வாசல்ல நின்னு ஒரு வார்த்த சொன்னா பாரு... மஞ்சத் தண்ணி அப்படியே செவந்துச்சு! சாட்சாத் மகமாயி!”

நான் எழுதிய கெமிஸ்ட்ரியில் தப்பு இருந்தால் படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். பெரியத்தை சொன்னதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்... அந்தப் பெண் இனி அந்த வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டும்!