காலியாகாத தறிக்குழி

தறிக்குழிக்குள் காலை விட்டால் சித்திரை வெயிலிலும் உள்ளங்கால் சில்லிட்டுப் போகும். காஞ்சிபுரத்தில் நான் ஸ்கூல் பைனல் படித்ததெல்லாம் அப்படி ஒரு குழிக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான். முன்பு பட்டு நெய்த வீடு அது. தறிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நெய்கிறவர் உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்கத் தோண்டிய குழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து எதிரே ஒரு பலகையைக் குறுக்கே போட்டால் எங்களுக்கு மேஜையும் ஆயிற்று, நாற்காலியும் ஆயிற்று. சர்க்கார் மேஜை வாங்கித் தரும் வரை காத்திருந்தால் நான் இன்னும் ஸ்கூல் பைனலில்தான் இருந்திருப்பேன்.

ஆதிதிராவிடப் பிள்ளைகளும் காலேஜில் ஏறவேண்டும் என்று அப்போது உத்தரவு போட்டிருந்தார்கள். ஸ்கூல் பைனல் தேறினால் பட்டணத்துக் காலேஜில் சம்பளத்தைச் சர்க்காரே கட்டும். அதுவரை தங்கிப் படிக்கக் காஞ்சியில் ஒரு ஹாஸ்டல். நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உத்தரவில் வீடு இல்லையே! எங்களுக்கு வாடகைக்கு விட ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் கிடைத்தது, பேய் இருக்கிறது என்று வருஷக்கணக்காக யாரும் குடிவராத இந்த வீடு. பேய்க்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது. எட்டுப் பேர் நுழைந்தோம். எதிர்வீட்டு நெசவுக்கார அம்மாள் முதல் நாளே தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: “குழியெ மட்டும் காலியா வுடாதீங்கபா. ஆளு குந்தலேன்னா வேற ஏதாச்சும் வந்து குந்திக்கும்.” நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்களுக்குச் சமைத்துப் போட்டவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். என் ஊரான தென்னேரிதான் அவருக்கும். அவர் மகன் எட்டுப் பேரில் ஒருவன். என் பக்கத்துக் குழி அவனுடையது. இரண்டு குழிகளுக்கும் நடுவே இருந்த மண்சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. நான் தூங்கி வழிந்தால் அந்த ஓட்டை வழியாகக் காலை நீட்டிக் கட்டைவிரலால் என் உள்ளங்காலில் ஒரு குத்து குத்துவான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அந்தக் குத்து இல்லாவிட்டால் எனக்கு அல்ஜீப்ரா மண்டையில் ஏறியிருக்காது.

தசரா விடுமுறைக்கு நான், அவன், பெரியம்மா மூன்று பேரும் ஊருக்குப் போனோம். இரண்டு பேர்தான் திரும்பினோம். அவனுக்குக் காய்ச்சல் கண்டது, தொண்டை கட்டியது, குரல் கரகரத்தது, பிறகு குரலே எழும்பவில்லை. ஏரிக்கரைக்கு அப்பால் அவனைப் புதைத்தபோது நானும் ஒரு பிடி மண் போட்டேன். ரயிலேற வாலாஜாபாத்துக்கு நடந்து வரும் வழியில் பெரியம்மா திடீரென்று நின்றார். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. “அவன் இல்லன்னு யார்கிட்டயும் சொல்லாதப்பா. எட்டுல ஒண்ணு கொறஞ்சா பூட்டிடுவாங்க. அப்புறம் நீங்க ஏழு பேரும் மாடு ஓட்டத்தான் போவணும். அவன் இருக்கிறான். நான் சொல்றேன், இருக்கிறான்” என்றார். அவர் சொன்னது சரிதான். எட்டுக்குக் குறைந்தால் ஹாஸ்டலை மூடிவிடலாம் என்று உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது.

மற்றப் பையன்களிடம் மட்டும் சொன்னோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. தினமும் பெரியம்மா எட்டுத் தட்டு வைப்பார். எட்டாவது தட்டு காலிக் குழியின் பலகை மேல் இருக்கும். அந்தச் சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. பிறகு பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். எனக்குப் பயம்தான், என்ன வேண்டியிருக்கிறது மறைக்க? நடுச்சுவர் ஓட்டையில் ஒரு பழந்துணியைச் சுருட்டித் திணித்தேன். மறுநாள் அந்தத் துணி என் குழிப் பக்கம் விழுந்து கிடந்தது. எலி தள்ளியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹாஸ்டலைப் பார்வையிட ஆபீசர் வந்தது ஒரு நாள் உச்சி வெயிலில். பேய்க்குப் பயமோ தீட்டுக்குப் பயமோ, அந்த மனிதர் எப்போதும் வாசற்படியைத் தாண்டமாட்டார். வெயிலில் நின்றபடியே பெயர் படிப்பார். இருட்டுக் கூடத்தில் குழிகளில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆஜர் சொல்லவேண்டும். அவன் பெயர் வந்தால் நான் குரலை மாற்றிப் பதில் சொல்வதாக ஏற்பாடு. ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் பெயர் வந்தது. ஐயோ, என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு எழவே இல்லை. ஆபீசர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். அப்போது என் உள்ளங்காலில் ஒரு குத்து விழுந்தது. சில்லென்ற விரல். காலை இழுத்துக்கொள்வதற்குள் பக்கத்துக் குழியிலிருந்து கரகரவென்று ஒரு குரல் “ஆஜர் சார்” என்றது.

ஆபீசர் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் பையன்கள் என் முதுகில் தட்டினார்கள். “அடேங்கப்பா, இன்னாமா மாத்தினடா கொரலெ!” என்றான் ஒருவன். நான் வாயைத் திறக்கவே இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுப்பங்கரைக்குப் போனேன். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். “நீ பேசலன்னு எனக்குத் தெரியும்” என்றார். “தொண்டெ இன்னும் கட்டிக்கினுதான் இருக்குது, பாத்தியா. கொஞ்சம் மொளகு ரசம் வெக்கிறேன்.” அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹாஸ்டலை மூடவில்லை. தேறியவர்களில் நானும் ஒருவன். பட்டணத்துக்கு ரயிலேற்றிவிடப் பெரியம்மா ஸ்டேஷனுக்கு வந்து இரண்டு கட்டுச்சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்தார். ஒன்று போதும் என்றேன். “இன்னொண்ணு அவனுக்குப்பா. உன்கூடத்தான் வரான்” என்றார், பிள்ளையைப் படிக்க அனுப்புகிற எந்தத் தாயும் பேசுகிற குரலில். காலேஜில் என் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குத் தனி மூலை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று எத்தனையோ முறை எழுந்திருக்கிறேன். அப்போதெல்லாம் உள்ளங்காலில் ஒரு குத்து விழும். பேய் என்றால் பயந்தவன், அந்தக் குத்து வராத நாட்களில்தான் அதிகம் பயந்தேன்.

இப்போது நான் அதே பட்டணத்தில் கணக்கு வாத்தியார். பெரியம்மா போய்ச் சில வருஷங்கள் ஆயிற்று. எங்கள் பிள்ளைகள் காலேஜில் சேர்ந்தும் பாதியில் நின்றுவிடுகிறார்களே, என்ன செய்யலாம் என்று ஆராயச் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டிருக்கிறது. அதில் நானும் உண்டு. சம்பளம் கட்டினால் மட்டும் போதாது, இடம் வேண்டும், கூட உட்கார ஆள் வேண்டும், ஒரு தலை குறைந்தால் மூடிவிடும் அந்த வரியை முதலில் அடியுங்கள் என்று வாதாடினேன். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாமாம்!

போன மாதம் கமிட்டி காஞ்சிபுரத்துக்குப் போயிற்று. ஹாஸ்டல் இப்போது ஓரிக்கைப் பக்கம் புதுக் கட்டடத்தில் இருக்கிறது. மேஜை போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். குமாஸ்தா பெயர் படித்தார். ஒரு பெயருக்குப் பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒருவன் இல்லாவிட்டால் கணக்கு எட்டுக்குக் கீழே போய்விடும் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மேஜைக்கு அடியில் என் உள்ளங்காலில் செருப்பையும் மீறிக்கொண்டு சில்லென்று குத்தியது.

“ஆஜர் சார்” என்று கரகரத்த குரல் ஒன்று கேட்டது. குமாஸ்தா தலை நிமிராமல் குறித்துக்கொண்டார். சுவரோரம் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த தலைவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி, “என்ன சார், தொண்டை கட்டிப் போச்சா?” என்று கேட்டார். நான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். சிமெண்டுத் தரை. குழி எதுவும் இல்லை.