ஜோயலுக்காக ஒரு ஆமென்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு ஜெபக் கூட்டத்தில் இருந்தேன். நானா? ஆமாம், நானேதான். சிரிக்காதீர்கள். என் பக்தியின் ஆழம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — கோயிலுக்குப் போனால் புளியோதரை, ஜெபக் கூட்டத்துக்குப் போனால் கேக். மத நல்லிணக்கம் என் வயிற்றில்தான் பத்திரமாக இருக்கிறது.

கூட்டம் நடந்தது எங்களுக்கு மேலே, மாடி வீட்டில். ஜெபராஜ் அண்ணாச்சியின் வீடு. டோல்கேட் பக்கம் அரிசி மொத்த வியாபாரம். திருநெல்வேலியிலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை. கெட்டவர் இல்லை. ரொம்ப நல்லவர்... அதுதான் பிரச்சினை. அவர் வீட்டில் சினிமாப் பாட்டு கூடாது, மல்லிகைப்பூ கூடாது, டிவி கூடவே கூடாது. "அது சாத்தான் குடியிருக்கிற பொட்டியில்லா!" என்பார்.

அதனால் அவர் மனைவி எஸ்தர் அக்கா, அண்ணாச்சி கடையில் இருக்கும் மதிய நேரத்தில் கீழே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவரும் என் மனைவியும் வெப் சீரிஸ் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். அதாவது, எழுதுவதுபோல உட்கார்ந்து பார்ப்பேன்.

சமீபத்தில் பார்த்த சீரிஸில் ஜோயல் என்று ஒரு பையன். வேதவசனக் காலண்டரும் பெல்ட்டும் ஒரே ஆணியில் தொங்குகிற வீடு. வளர வளர அவனுக்குப் புரிகிறது — தன் மனசு பெண்களிடம் போகவில்லை, ஆண்களிடம்தான் போகிறது. வீட்டில் சொல்கிறான். பேய் பிடித்துவிட்டது என்று அப்பா ஆள் கூட்டிவந்து, தலையில் எண்ணெய் ஊற்றி ஜெபிக்கிறார். பேய் போகவில்லை. பையனைப் போகச் சொல்லிவிடுகிறார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, மூக்க உறிஞ்சிகினு கீற?" என்றாள் என் மனைவி.

"வெங்காயம்..."

"வெங்காயம் சமையக்கட்டுல கீது. இங்க நீதான் கீற."

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை, அழவுமில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க வீட்டுல எண்ணெய் ஊத்தல தம்பி. உபவாசம்னு சொல்லி பிள்ளையப் பட்டினி போட்டாங்க."

அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்களுடைய ஒரே மகன் சாம். மணலி புதுநகரில் வேலை, மாத்தூரில் வாடகை வீடு. பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் வருஷக்கணக்கில் வரவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்திருந்தோம். காரணம் வேலை அல்ல, அண்ணாச்சி போட்ட தடை. அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஜெபத்தில்கூட! பெற்றவள் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளக் கூடாது என்று எந்தக் கடவுள் சட்டம் போட்டது?

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வார்கள். பாஸ்டர் ஜெபிப்பார். எல்லாரும் ஆமென் போடுவார்கள். ஒருவருக்கு மூட்டுவலி. இன்னொருவர் பெண்ணுக்கு வரன். காசிமேட்டு ரீட்டா அக்காவுக்குப் படகு இன்ஜின் கோளாறு.

எஸ்தர் அக்காவின் முறை வந்தது.

"ஜோயல்னு ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கணும் பாஸ்டர். தகப்பன் வீட்ட விட்டுத் துரத்திட்டாரு. பிள்ளை வீடு வந்து சேரணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யார் வூட்டுப் புள்ள எஸ்தரு?" என்றார் ரீட்டா அக்கா.

"தெரிஞ்ச பிள்ளதான்."

பாஸ்டர் உருகி உருகி ஜெபித்தார். அண்ணாச்சி அழுதேவிட்டார். இரண்டு கையையும் தூக்கி, "அந்தத் தகப்பனோட கல்லு மனச இளக்கும் ஆண்டவரே!" என்று அவர் கதறியது தெருமுனை வரை கேட்டிருக்கும். அறையே ஆமென் என்றது.

அப்போது ரீட்டா அக்காவின் மகள், காலேஜ் பெண், சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "ஆன்ட்டி, அது சீரிஸ்ல வர்ற ஜோயல்தான? நானும் பாத்துகினுதான் கீறேன்!"

"அய்ய... டிவில வர்ற புள்ளைக்கா இம்மா நேரம் ஜெபிச்சோம்?" என்றார் ரீட்டா அக்கா. ஒரே சிரிப்பு.

அண்ணாச்சிக்கு மட்டும் முகம் சிவந்தது. "ஏட்டி, நீ டிவி பாத்தியா?"

"பாத்தேன்," என்றார் எஸ்தர் அக்கா. "இல்லாத பிள்ளைக்கு அத்தன பேரும் ஆமென் சொன்னீங்கள்லா? இப்போ இருக்கிற பிள்ளைக்குச் சொல்லுங்க. பேரு சாம். எம் மவன். அவனும் அந்த ஜோயல் மாதிரிதான். மாத்தூர்ல தனியா பொங்கித் திங்கான். துரத்துன தகப்பன் இந்தா, இவங்கதான். எம் பிள்ளையும் வீடு வந்து சேரணும்."



எனக்கு எங்கே ஆமென் போடுவது என்று எப்போதுமே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் போடுவேன். பார்த்தேன். ஓர் உதடும் அசையவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமி, "நேரமாச்சு... முடிவு ஜெபம் பண்ணிரலாமா?" என்றார். அண்ணாச்சி எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார் — ஆட்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போதே.

"ஆமென்," என்றார் எஸ்தர் அக்கா. தனியாக.

திரையில் அழுகிற பிள்ளைகளிடம் நமக்குத்தான் எவ்வளவு பாசம்! இருக்காதா பின்னே? அவர்கள் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. நம் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்காரப் போவதில்லை. ரிமோட்டை அமுக்கினால் போய்விடுவார்கள். மிச்சமிருக்கிற நம் நல்ல மனசை நாமே மெச்சிக்கொள்ளலாம்.

மறுநாள் காலை எஸ்தர் அக்கா ஒரு பையோடு கீழே இறங்கி வந்தார். "எழுதுங்க தம்பி, பேர மட்டும் மாத்திருங்க" என்றார். மாற்றிவிட்டேன். மாத்தூர் பஸ் ஏறிப் போனவர், இதை எழுதும்வரை திரும்பவில்லை.

கடையில் யாராவது "அக்கா எங்கே?" என்று கேட்டால், அண்ணாச்சி அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாராம்: "தேவ ஊழியத்துக்குப் போயிருக்கா."

பாவம்... மனுஷனுக்கு ஒரு பொய்யைக்கூடப் பொய்யாகச் சொல்ல வரவில்லை!